புல்வெளியில் குழி தோண்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூருப் பதிப்பின் மாணவர் பக்கத்தில் சுற்றுச்சூழல் உயிரியலின் அடிப்படைகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு உபயோகமான வேலை. உணவுச் சங்கிலி, தாங்கு திறன், மக்கள்தொகை வளர்ச்சி எல்லாம் சுருக்கமாகவும் பெரும்பாலும் சரியாகவும் வந்திருந்தன. புல்வெளி பற்றிய பத்தியில்தான் முக்கியமாக இரண்டு இடங்கள் இடறுகின்றன; மக்கள்தொகை பற்றிய முடிவைப் பின்னால் எடுத்துக்கொள்கிறோம். 'மழை போதாததால் மரம் வளராத இடமே புல்வெளி' என்பது ஒன்று. உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று ஊருக்கு வெளியே சும்மா கிடக்கும் புல்தரையில் ஆளுக்கொரு மரக்கன்று நடும்படி பெட்டிச் செய்தியில் தந்த அறிவுரை மற்றொன்று. முதலாவது தேர்வில் ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும். இரண்டாவதை நம்பி ஜூன் 5ஆம் தேதி நாலு பள்ளிக்கூடங்கள் ஹெசரகட்டா பக்கம் கடப்பாரையோடு கிளம்பினால், கெட்டதைச் சரிசெய்யப் பல பத்து வருஷம் ஆகும்.

பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மரம் வளர அது தாராளம். லால்பாக்கையும் கப்பன் பார்க்கையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. அப்படியிருந்தும் நகரத்துக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் பெரும் புல்வெளி இருக்கிறதென்றால் காரணம் மழைக்கணக்கில் மட்டும் இல்லை. பல இடங்களில் மேலே ஒரு சாண் இரண்டு சாண் செம்மண்தான், அதன் கீழே சரளை. வருஷத்தில் ஏறக்குறைய பாதி மாதங்கள் வறண்டவை. இடையிடையே தீ, எப்போதும் மேய்ச்சல். இவை நான்கும் சேர்ந்து மரக்கன்றை எழவிடாமல் புல்லை வாழவைக்கின்றன. நம் நாட்டுப் புல்வெளிகள் எல்லாம் யாரோ காட்டை அழித்ததால் வந்தவை என்ற எண்ணமும் பாடநூல் வழியாகப் பரவியிருக்கிறது. சிவாலிக் மலையடிவார மண்ணடுக்குகளில் கிடைத்த கார்பன் ஐசோடோப்புச் சான்று, வெயில் விரும்பும் புற்கள் அங்கே 80 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பரவியதைக் காட்டுகிறது. அப்போது வெட்டுவதற்குக் கோடரியும் இல்லை, பிடிப்பதற்கு மனிதனும் இல்லை.

புல்லின் உடலமைப்பை விளங்கிக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும். மரத்துக்கும் பெரும்பாலான செடிகளுக்கும் வளரும் நுனி மேலே கொழுந்தில் இருக்கிறது. ஆடு கொழுந்தைக் கடித்தால் அந்தத் தண்டின் நீட்சி அங்கேயே நின்றது. புல்லுக்கு வளரும் திசு இலையின் அடியிலும் கணுக்களை ஒட்டியும், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் தீ மேலோடு எரித்துப்போனாலும் அடியிலிருந்து இலை மறுபடி நீளும். சேமிப்பெல்லாம் மண்ணுக்குக் கீழே வேரில். புல்வெளியின் உயிர்த்திரளில் பாதிக்கு மேல் வேராக இருப்பது சாதாரணம். பார்க்கிறவர் கண்ணில் படுவது அதன் சிறு பங்குதான் என்பதால் 'ஒன்றும் இல்லை' என்று தோன்றிவிடுகிறது.

அடுத்தது ஒளிச்சேர்க்கை. தக்காணத்துப் புற்களில் பெரும்பாலானவை, காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறையில், சி4 வகை. ராகி, சோளம், கரும்பு, மக்காச்சோளம் இந்த வகை. நெல்லும் கோதுமையும் சி3. சி4 இலையில் நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறைச் செல்களுக்குள் கார்பன் டை ஆக்சைடு செறிவாகத் தள்ளப்படுகிறது. அதனால் வெப்பமான பகலில், பிடித்த கார்பனில் ஒரு பகுதி மறுபடி வெளியேறும் ஒளிச்சுவாசத்தில் வீணாவது மிகக் குறைவு. இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்க வேண்டியதில்லை, தண்ணீரும் மிச்சம். இதற்கு விலை உண்டு. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு சி3 பயிர் 3 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவிடும் இடத்தில் சி4 புல்லுக்கு 5 வேண்டும். கொளுத்தும் வெயிலில் அந்தக் கூடுதல் செலவு பொருட்டே இல்லை. நிழல் விழுந்தால் தாங்காது. மரம் வளர்ந்து விதானம் மூடியதும் கீழே புல் மெலிந்து மறைவது தண்ணீர்ப் போட்டியால் மட்டும் நடப்பதில்லை. வெளிச்சக் கணக்கே கவிழ்ந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் பாடத்தில் 'வரம்புக் காரணி' (எது குறைந்தால் வளர்ச்சி நிற்குமோ அது) என்று ஒரு தலைப்பு வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம்.

இன்னொன்றையும் மாணவர்கள் கையில் வைத்துப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் புல்வெளியில் நடந்தால் கால்சட்டையில் தைக்கும் ஊசிப்புல்லின் விதை. கூர்நுனியில் பின்பக்கமாகச் சாய்ந்த மயிர்கள், வால்பக்கம் முறுக்கிய நீண்ட இழை. உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் இழை முறுக்கவிழ்ந்து சுழலும். காய்ந்ததும் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனியில் ஒரு சுற்று, பகல் வெயிலில் ஒரு சுற்று என்று விதை தன்னைத்தானே மண்ணுக்குள் துளைத்துக்கொள்கிறது. கோடைத் தீ மேலே ஓடும்போது ஓரிரு சென்டிமீட்டர் கீழே விதை பத்திரமாக இருக்கும்.

இப்போது கன்று நடும் காட்சிக்கு வருவோம். வழக்கமான கணக்கு ஒரு ஹெக்டேருக்கு 1,000 கன்று. ஒன்றரை அடி முதல் இரண்டடி அகலக் குழி, பக்கத்தில் குவித்த மண் எல்லாம் சேர்ந்தால் ஒரு கன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் தரை கிளறப்படுகிறது. 1,000 குழிக்கு 1,000 சதுர மீட்டர். அதாவது பத்தில் ஒரு பங்கு நிலம் அன்றைக்கே புரண்டுவிடுகிறது. வண்டித்தடமும் ஆள் மிதியும் தனி. கீழே கிடந்த சரளை மேலே வருகிறது, பல ஆண்டுப் புல்லின் வேர்முடிச்சுகள் அறுபடுகின்றன. அந்த வெற்று மண்ணில் முதலில் வருவது அழைக்காத விருந்தாளியான பார்த்தீனியம். ஒரு செடி பல ஆயிரம் விதை கொட்டும். அதன்பின் உண்ணிச்செடி, தாழ்வான பக்கங்களில் சீமைக்கருவேலம். இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகளில் பெரும்பாலானவை கருகினாலும் குழியும் களையும் போவதில்லை. கன்று பிழைத்தால் சேதம் வேறு விதம். மரக்கிளை கிடைத்த இடத்தில் காகமும் வல்லூறும் உட்கார்ந்து வேவு பார்க்கும். வானம்பாடி, நெட்டைக்காலி, ஆள்காட்டி எல்லாம் தரையில் முட்டையிடுகிறவை. உயரமான மரத்துக்குப் பக்கத்தில் கூடு வைப்பதையே அவற்றில் பல தவிர்க்கும். ஆகவே பத்து மரம் நட்டால் பத்து மரம் நின்ற இடம் மட்டும் போவதாக நினைக்கக்கூடாது.

நம் மாநிலங்களிலேயே இதற்குப் பழைய பாடங்கள் இருக்கின்றன. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளில் வாட்டில் என்னும் சீகை வகையும் பைனும் யூக்கலிப்டஸும் நட்டதன் விளைவை இன்றுவரை வனத்துறையே வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. வரையாட்டின் வாழிடம் அப்படித்தான் சுருங்கியது. கர்நாடகத்தில் ராணெபென்னூர் வெளிமான் சரணாலயப் புல்வெளியிலும் யூக்கலிப்டஸ் தோப்புகள் போட்டார்கள். திறந்தவெளியை நம்பிய கானமயிலுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. புதிதாக யூக்கலிப்டஸ் நடுவதைக் கர்நாடக அரசு 2017இல் தடைசெய்தது. காரணம் நிலத்தடி நீர் என்றாலும், கோலார், பெங்களூரு ஊரகப் பகுதிகளில் மேய்ச்சல் நிலங்கள் தோப்பானதும் அதே கதையின் பகுதிதான்.

அரசுக் கணக்கு முறையும் இந்தக் குழப்பத்துக்கு உரம் போடுகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் 'வனப் பரப்பு' என்றால் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்குக் குறையாத மர விதானம். மாந்தோப்பு அந்தக் கணக்கில் ஏறும். ஹெசரகட்டாப் புல்வெளி ஏறாது. புதர்நிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் தேசியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் இடம்பெறுகின்றன. வரைபடத்தில் தரிசு என்று வந்துவிட்டால், ஓரிடத்தில் அழித்த காட்டுக்கு ஈடாக மரம் வளர்க்க நிலம் தேடும் அதிகாரிக்கும், சோலார் பூங்காவுக்கு இடம் தேடும் நிறுவனத்துக்கும், லேஅவுட் போடுகிறவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே பக்கத்தில், அம்ரித் மகால் மாடுகளுக்கான 'காவல்' எனப்படும் மேய்ச்சல் புல்வெளியில் பல ஆயிரம் ஏக்கர் ஆராய்ச்சி, பாதுகாப்பு நிறுவனங்களுக்குப் போனது அண்மைக்கால வரலாறு. அந்த நிறுவனங்கள் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. மைசூர் அரசர்கள் காலத்திலிருந்து ஒரு மாட்டினத்தையே வளர்த்த நிலம் அது என்பது கோப்பில் ஒரு வரியாகவாவது இருந்திருக்க வேண்டும்.

ஹெசரகட்டா எப்படியோ தப்பித்து நிற்கிறது. திரைப்பட நகரம் அங்கே அமைக்கும் பேச்சு எழுந்து எதிர்ப்பினால் இடம் மாறியது. 5,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பை கன்சர்வேஷன் ரிசர்வாக அறிவிக்கும் யோசனைக்கு மாநில வனவுயிர் வாரியம் 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ பிரிவில் வரும் இந்த ஏற்பாடு தேசியப் பூங்கா போலக் கிராமத்தாரை வெளியே நிறுத்துவதில்லை; நிர்வாகக் குழுவில் பஞ்சாயத்துப் பிரதிநிதிகளுக்கும் கால்நடைத் துறைக்கும் இடமுண்டு. குளிர்காலத்தில் மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து பூனைப்பருந்துகள் அங்கே வந்து தங்குகின்றன. அழிவின் விளிம்பில் உள்ள வரகுக்கோழி அங்கே தென்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

பூனைப்பருந்தைச் சொன்னதால் உங்கள் பாடக்குறிப்பின் 'பத்து சதவீத விதி'யையும் தொட்டுவிடுகிறோம். 1942இல் சூழலியலாளர் லிண்டமன் எழுதியதிலிருந்து வரும் கருத்து. உணவுச் சங்கிலியின் ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்ச்சேருகிறது என்பார்கள். தேர்வுக்கு இது போதும், இயற்கையில் இது சராசரி மட்டுமே. வெட்டுக்கிளி போன்ற குளிர் ரத்தப் பூச்சி தான் செரித்ததில் கணிசமான பங்கை உடலாக்கும். பறவையும் பாலூட்டியும் உடல் சூட்டுக்கே பெரும்பகுதியை எரித்துவிடுவதால் ஒன்றிரண்டு சதவீதம்தான் தசையாக மிஞ்சும். ஆகவே புல், வெட்டுக்கிளி, விசிறித்தொண்டை ஓணான், பூனைப்பருந்து என்ற சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இழப்பு மிகப் பெரிது. கால் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஒரு பறவைக்கு ஏன் அத்தனை ஏக்கர் வேண்டும், ஏன் நடுவில் ஒரு சாலையோ லேஅவுட்டோ போட்டால் மீதி இடமும் பயன்படாமல் போகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

தாங்கு திறனை, அதாவது ஒரு நிலம் எத்தனை உயிர்களைக் கெடாமல் தாங்கும் என்பதை, மாணவர்களுக்கு வரையறையாகச் சொல்லாமல் கணக்காகச் செய்யவிடலாம். ஐம்பது சென்டிமீட்டர் நீளத்தில் நாலு பிவிசி குழாய், நாலு எல்போ, சட்டம் தயார். உள்ளே கால் சதுர மீட்டர். மழைக்காலம் முடிந்து புல் விதை கட்டிய பிறகு, அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பரில் செய்ய வேண்டும். சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால் போதும் என்பார்கள்; கை தானாகவே செழிப்பான பக்கம் திரும்பும். ஒரு கயிற்றை நேராகக் கட்டி, பத்து மீட்டருக்கு ஒரு முறை, புல் இருந்தாலும் கல் இருந்தாலும் வைக்க வேண்டும். குறைந்தது இருபது இடமாவது வேண்டும். தரையோடு வழிக்காமல் மாடு மேயும் உயரமான நாலைந்து சென்டிமீட்டரை விட்டு வெட்ட வேண்டும். வெட்டியதை அப்படியே எடை போட்டால் ஈரத்தின் எடைதான் வரும். காகித உறையில் போட்டு நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சட்டத்துக்குள் கிடைத்த கிராமை 40ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்குக் கிலோ.

சராசரி 40 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 1,600 கிலோ. அதில் பாதியை வேரின் சேமிப்புக்கும் மண்ணை மூடவும் விட்டுவிட வேண்டும், மிச்சம் 800. 250 கிலோ எடையுள்ள நாட்டுமாடு உடல் எடையில் 2.5 சதவீதம் உலர்தீவனம் தின்னும், நாளைக்கு 6.25 கிலோ. 800ஐ வகுத்தால் 128 நாள். வருஷம் முழுக்கப் புல்லை மட்டும் நம்பினால் ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய 2.85 ஹெக்டேர் வேண்டும். இப்போது கர்நாடக நிலவருவாய் விதிகளைப் பாருங்கள்: கோமாளத்துக்கு, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்கு, 100 மாட்டுக்கு 12 ஹெக்டேர் என்ற அளவில் ஒதுக்க வேண்டும். நம் கணக்குப்படி அந்த 12 ஹெக்டேர் 100 மாட்டுக்குச் சுமார் பதினைந்து நாள் தாங்கும். வைக்கோலும் ராகித் தாளும் கரும்புத் தோகையும் மீதி நாளை ஓட்டுகின்றன. இந்த ஒதுக்கீட்டுக்கு மேல் கோமாளத்தில் இருப்பதையெல்லாம் 'உபரி' என்று வேறு வேலைக்குக் கொடுப்பது பெங்களூரைச் சுற்றி வழக்கமாகிவிட்டது. உபரி எங்கேயிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று: தாங்கு திறன் நிலையான எண் கிடையாது. நல்ல மழை வருஷத்தில் சட்டத்தை வைத்து அளந்து, அந்த எண்ணிக்கைக்கு மாடு விட்டால் அடுத்த வறட்சியில் புல்வெளி உட்கார்ந்துவிடும். முதலில் போவது உயரமான, மாடு விரும்பும் பல ஆண்டுப் புற்கள். அவற்றின் இடத்தில் ஒரு பருவத்தில் காயும் சிறு புற்கள். பிறகு மாடு தொடாத துடைப்பப்புல், ஆவாரை, கொழுஞ்சி. கடைசியில் பார்த்தீனியமும் வெறும் சரளையும். எந்தப் படியில் நிற்கிறோம் என்று செடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கொங்குநாட்டில் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் இந்த விஷயத்தில் பாடநூலுக்கு மேல். கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, கொழுக்கட்டைப்புல்லும் நடுநடுவே வெள்வேலும் விட்டு, ஒரு துண்டு மேயும்போது மற்றதை ஆறவிடுகிறார்கள். ஹெசரகட்டாவுக்கு மேய்ச்சலை முற்றிலும் நிறுத்துவதும் நல்லதில்லை. புல் மண்டிக் காய்ந்து, ஒரு நாள் பெருந்தீயாகப் போகும். விதை விழுந்தபின் ஒரு பட்டை அறுத்து ஒரு பட்டை விடுவது, தீ வைத்தே ஆகவேண்டுமென்றால் தரைப்பறவைகள் முட்டையிடத் தொடங்குவதற்கு முன்பே சிறு துண்டுகளாக, ஒரே துண்டை வருஷாவருஷம் எரிக்காமல் வைப்பது, ஜீப்பும் பைக்கும் புல்லின் மேல் ஏறாமல் தடுப்பது, இவ்வளவுதான் பராமரிப்பு. திருமணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வரும் கார்களின் சக்கரத்தடத்தில் மழைநீர் ஓடி, இரண்டே பருவத்தில் வாய்க்காலாகிவிடும் என்பதை அங்கே எவரும் பார்க்கலாம்.

வெட்டுக்கிளியை எண்ணுவதற்கு உங்கள் குறிப்பில் தந்திருந்த 'குறியிட்டு மறுபடி பிடிக்கும்' முறை நல்லது. 60 பூச்சியைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, மறுநாள் 50 பிடித்து அதில் 12 குறியிட்டவை என்றால், 60ஐ 50ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க 250. சிவப்பு, மஞ்சள் நெயில் பாலிஷ் மட்டும் வேண்டாம். பறவை குறியிட்டதைத் தேடிப் பிடிக்கும், கணக்கு தப்பாகப் பெரிதாகும். இறக்கைக்கு அடியில் சிறு பொட்டு போதும். இதற்கெல்லாம் ஹெசரகட்டாதான் போகவேண்டும் என்பதில்லை. அங்கே நுழைய முன்அனுமதி வாங்க வேண்டும். ராகி வயலின் வரப்போ பள்ளி மைதானத்தின் ஓரமோ போதும்.

இனி மக்கள்தொகை. 1798இல் மால்தஸ், 1838இல் வெர்ஹல்ஸ்ட், வரம்பின்றி ஏறுவதும் வரம்பில் வந்து நிற்பதுமாக இரண்டு வளர்ச்சி வளைகோடுகள் என்று எழுதிவிட்டு, 'மக்கள்தொகைப் பெருக்கமே நகரப் புல்வெளிகள் அழியக் காரணம், ஆகவே குடும்பக் கட்டுப்பாடு அவசியம்' என்று முடித்திருந்தீர்கள். பெங்களூருக்கு இந்த முடிவு பொருந்தவில்லை. பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 65.4 லட்சம், 2011இல் 96.2 லட்சம். பத்து வருஷத்தில் 47 சதவீதம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3.9 சதவீதம். எழுபதை இந்த வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும்: 18 வருஷம். அதே பத்தாண்டில் இந்தியா முழுவதும் 17.7 சதவீதம்தான் கூடியது. அந்த வேகத்தில் இரட்டிப்பாக 43 வருஷம் ஆகும். இந்த வித்தியாசம் பிரசவ அறையில் வந்ததில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்யவே 2.1 வேண்டும். இளவயதினர் நிறையப் பேர் இருப்பதால் கொஞ்ச காலம் எண்ணிக்கை ஏறும் என்பது உண்மை. மற்றபடி உயிரித்தொகைச் சமன்பாட்டில் பிறப்பு, இறப்பு, உள்வருகை, வெளியேற்றம் என்று நாலு உறுப்பு இருக்கிறதே, பெங்களூரில் பெரிய எண் மூன்றாவதுதான். கிருஷ்ணகிரியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ ஒரு குடும்பம் இங்கே வந்தால் நாட்டின் தலைக்கணக்கு மாறுவதில்லை. யலஹங்கா பக்கத்தில் ஒரு சைட் மட்டும் கூடுகிறது.

எண்களைப் பயன்படுத்தும்போது எல்லையையும் பார்க்க வேண்டும். மாநகராட்சிக் கணக்கில் 2001இல் 43 லட்சம், 2011இல் 84 லட்சம் என்று போட்டு 'இரட்டிப்பு' என்று நீங்கள் அச்சிட்ட படம் தவறு. நடுவில் 2007இல் ஏழு நகரசபைகளையும் ஒரு டவுன் முனிசிபாலிட்டியையும் 110 கிராமங்களையும் சேர்த்ததில் 226 சதுர கிலோமீட்டர் 700க்கு மேல் போனது. ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்களைப் புதிதாக முளைத்தவர்களாகக் காட்டிவிட்டது படம். 2025இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தாகிவிட்டது. 2027 கணக்கெடுப்பு முடிவு வரும்போது இதே தவறு தலைகீழாக நடக்கக்கூடும். எல்லை மாறாத மாவட்டக் கணக்கை எடுப்பதே பாதுகாப்பு.

தலைக்கணக்குக்கும் நிலக்கணக்குக்கும் நேர்விகிதமும் இல்லை. நகரைச் சுற்றி முள்கம்பி கட்டி, மைல்கல் போலச் சிமெண்ட் கல் நட்டு, பத்து வருஷமாக ஒரு வீடும் எழாத லேஅவுட்டுகள் எத்தனை! அங்கே ஒருவரும் குடியில்லை, புல்லும் இல்லை. விலை ஏறட்டும் என்று வாங்கிப்போட்டவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் குறைவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நகரத்துக்குத் தாங்கு திறன் உண்டா என்று மாணவர்கள் கேட்பார்கள். தண்ணீரை வைத்து விளக்கலாம். 1901இல் நகரமும் கண்டோன்மென்டும் சேர்ந்து சுமார் 1.6 லட்சம் பேர். அவர்களுக்காகத் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894இல், அர்க்காவதியின் குறுக்கே கட்டியதுதான் ஹெசரகட்டா ஏரி. அது போதாமல் 1933இல் அதே ஆற்றில் கீழே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். அதுவும் போதாமல் 1974இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம். 2024 அக்டோபரில் ஐந்தாவது கட்டமாக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடியது. ஒவ்வொரு முறையும் நகரம் தன் வரம்பை இன்னொரு நிலத்தின் மேல் தள்ளிவைத்தது, நூறு கிலோமீட்டர் தூரத்துக் குழாய் வழியாக. கைவிட்ட அர்க்காவதிப் படுகையில் ஆழ்துளைக் கிணறும் யூக்கலிப்டஸும் ஆற்றின் ஊற்றை உறிஞ்சின. ஏரிக்கு மேலே மழைநீரை மெல்ல வடியவிட்டு மண்ணோடு வராமல் பிடித்துத் தரும் தரை இன்றும் அந்தப் புல்வெளிதான். கோடையில் டேங்கருக்கு வரிசை நிற்கும் நகரம் அதில் குழி தோண்டப் போவது விசித்திரம்.

ஆகவே கேட்டுக்கொள்வது: ஜூன் 5க்கு முன்பே மாணவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். புல்வெளிக்கான வரையறையில் மழையோடு ஆழமற்ற மண், வறண்ட பருவம், தீ, மேய்ச்சல் நான்கையும் சேருங்கள். பெட்டிச் செய்தியில் நடும் இடத்தை மாற்றுங்கள். பள்ளி வளாகம், ராஜகாலுவே என்னும் மழைநீர் வடிகாலின் ஓரம், வீட்டு முன்புறச் சாலை என்று நகரத்துக்குள்ளேயே இடம் நிறைய. ஏரிக்கரையின் மேலேயே நடச் சொல்லவேண்டாம். வேர் காய்ந்து மக்கிய வழியில் நீர் கசிந்து கரை பலவீனப்படும். சாலையோரத்துக்குப் புங்கன் நன்றாக வரும். ஆறடி உயரக் கன்றாக, ஒரு மீட்டர் சதுரம் சிமெண்ட் போடாத மண்ணில், மாடு கடிக்காமல் கூண்டு வைத்து, முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் விட ஒருவர் பெயரை எழுதிவைத்து நட வேண்டும். ஆளுக்கொரு கன்று வேண்டாம், வகுப்புக்கு ஒன்று போதும். கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதை நடுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளும்படியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
ஹலசூரு, பெங்களூரு